தொடக்கூடாத முக்காலி

சம்பந்தியம்மாள் தன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டார் என்ற செய்தி நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் என் மகள். அவள் வாழ்க்கைப்பட்டிருப்பது அந்த வீட்டில்தான்.

"அம்மா, அத்தை ஆணி அடிச்சுட்டாங்க."

"எதுக்கு?"

"கேடயத்துக்கு. கடையில இருக்கறதிலேயே பெரிய ஆணி. சோபாவுக்கு நேர் மேல."

"போட்டியே இன்னும் நடக்கலையே!"

"அதைத்தான் நானும் சொன்னேன். 'மாப்பிள்ளை வந்தப்புறமா பாய் தேடுவாங்க?'ன்னு கேக்குறாங்க. அப்புறம் இன்னொரு விஷயம்மா. அந்தச் சுவரைத் தூசி தட்டுறது என்னோட வேலை."

வாயிலிருந்த நுரையைத் துப்பினேன். எங்கள் வீட்டுக் கேடயம் இன்னொருவர் வீட்டில் தொங்க வேண்டும். அதை என் மகள் கையாலேயே துடைக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு என்ன கேடு வர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேடயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ரைஃபிள் சங்கம் ஆண்டுதோறும் அறுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று ஒரு போட்டி நடத்துகிறது. முதலில் என் அத்தை வென்றார். அவருக்குப் பிறகு நான். பாலிஷ் போடக் கொடுத்த சமயங்களைத் தவிர அந்தக் கேடயம் எங்கள் கூடத்தைவிட்டு வெளியே போனதே இல்லை.

நாங்கள் நில அளவைக் குடும்பம். அப்பா சர்வேயர், அத்தை சர்வேயர், நான் சர்வேயர், என் தம்பி இன்னமும் சர்வேயர். நாங்கள் நட்ட எல்லைக்கல் நகர்ந்ததாக இதுவரை எந்த வழக்கும் வந்ததில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அம்மா, அப்பா என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடும்: "முக்காலியில கை வைக்காதே!" நிலம் அளக்கும் தியோடலைட் கருவியை முக்காலியின் மேல் ஏற்றி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்துவிட்டால், பிறகு அந்த முக்காலியை யாரும் தொடக் கூடாது. அருகில் நின்று தும்மக்கூடக் கூடாது. மேலதிகாரி ஒருவர் ஒருமுறை பேச்சுவாக்கில் என் முக்காலியில் முழங்கையை ஊன்றினார். "கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையை மட்டுமல்ல, காலையும் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குள் ஏறிவிட்டார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாள் வேறு ரகம். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷி, கணக்கில் நேர்மையானவர், என் மகளைப் பூப்போல வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு நிற்கத் தெரியாது. சாயத்தான் தெரியும். கடையில் கல்லா மேஜைமேல் சாய்வார். வீட்டில் நிலைப்படியில் சாய்வார். கல்யாணத்தன்று புகைப்படம் எடுக்கும்போது என்மேலேயே சாய்ந்தார். அந்தப் படத்தில் நான் நட்ட கல்போல நிற்கிறேன், அவர் அதில் கட்டிய ஆடுபோல இருக்கிறார். என் வீட்டுக்காரர் அவருக்கு 'ஈசிச்சேர்' என்று பெயர் வைத்தார். நான் அதைக் கண்டித்தேன். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

இதுவரை போட்டி தரையில் படுத்துச் சுடுவதாக இருந்தது. போன வருடம் சுட்டு முடித்த பிறகு சம்பந்தியம்மாளை எழுப்பி நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள். எழுப்பப் போனவர்களில் ஒருவர் பக்கத்திலேயே படுத்துவிட, அவரை எழுப்ப இன்னும் இருவர் வந்தார்கள். சங்கத்தின் செயற்குழு கூடி, இனிமேல் இந்தப் பிரிவில் எல்லாரும் நின்றுகொண்டு, முக்காலியில் துப்பாக்கியைப் பூட்டிச் சுடட்டும் என்று தீர்மானம் போட்டது. நான் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தவள். எனக்கு அந்தத் தீர்மானம் அவமானமாகப் பட்டது. ஆனால் முக்காலி என்று கேட்டதும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். முக்காலியை வைத்து எங்கள் குடும்பத்தையா வெல்லப் போகிறார்கள்?

புது முக்காலி வந்தது. கூடத்தில் நிறுத்தினேன். குமிழியை நடுவுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. துப்பாக்கியை ஏற்றிப் பூட்டி, குண்டு போடாமல், ஸ்கோப் வழியாக எதிர்ச்சுவரில் ஒட்டிய காகிதப் புள்ளியைப் பார்த்தேன். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு புள்ளியைச் சுற்றி ஈப்போல மொய்த்தது. மூச்சை அடக்கினேன், ஈ பெரிதாயிற்று.

"மின்விசிறியை நிறுத்துங்க," என்றேன்.

வீட்டுக்காரர் நிறுத்தினார். அப்படியும் ஆடியது.

"யாரு நடக்கறது?"

"நான் உக்காந்திருக்கேன். தம்பியும் உக்காந்திருக்கான்," என்றார் என் வீட்டுக்காரர். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"தரை சரியில்லை. டைல்ஸ் வழுக்குது."

தம்பி எழுந்து வந்து தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தான். "அக்கா, மட்டம் முடி அளவுகூடப் பிசகலை. குறை சொல்ல இடமே இல்ல." அது உண்மை. அப்படி ஒரு முக்காலியை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. அதைக் கலைத்துவிடக் கூடாதே என்று இரண்டு விரலால் மட்டும் துப்பாக்கியைத் தொட்டு, துப்பாக்கிக் கட்டையின் அடிப்பகுதியைத் தோளில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றேன். சங்கத்தின் மைதானத்தில் சுடுமேடைக்குப் புதுப் பலகை போட்டுக்கொண்டிருந்ததால் அங்கே போய்ப் பழகவும் வழியில்லை. போட்டியன்று சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

போட்டியன்று நல்ல வெயில். மேடையில் புதுப் பலகையின் வாசனை. எனக்கும் சம்பந்தியம்மாளுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். ஒவ்வொருவருக்கும் முதலில் ஐந்து குண்டு, இடைவேளை, தாளை மாற்றிவிட்டு மறுபடி ஐந்து. மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் விசில். அவரை எல்லாரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்க சம்பந்தியம்மா," என்றார் ஈசிச்சேர், தடுப்புக் கம்பியில் சாய்ந்தபடி. "முதுகு வலி எதுவும் இல்லையே? இவ்வளவு நேரா நிக்கிறீங்களே."

"எங்க வீட்டுல நிக்கிறதே இப்படித்தான்."

"உங்க வீட்டுல படுக்கறதும் இப்படித்தான்னு உங்க பொண்ணு சொல்லுவா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் பார்வையாளர் வரிசையில் என் மகள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அவள் செருப்புக்கு வாரே கிடையாது.

நான் முக்காலியை நிறுத்தினேன். குமிழி நடுவில் வந்தது. தம்பி பின்னால் காவல் நின்றான். சம்பந்தியம்மாள் தன் முக்காலியை ஏதோ குடையை விரிப்பதுபோல விரித்துப் போட்டார். குமிழியைப் பார்க்கவே இல்லை. கால்களைப் பின்னால் தள்ளி அகட்டிவைத்து, கல்லா மேஜைமேல் சாய்வாரே, அப்படியே நெஞ்சையும் தோளையும் துப்பாக்கியின் பின்னால் கொடுத்துச் சாய்ந்துவிட்டார். கொஞ்சம் விட்டால் "என்ன வேணும்?" என்று இலக்குப் பலகையைக் கேட்டிருப்பார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நாலு பேர் முன்னால் ஒரு கருவிமேல் இப்படியா விழுவது?

விசில் ஒலித்தது. சுட்டோம்.

என் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் உதைத்துத் துள்ளியது. முக்காலியின் முன்கால் பலகையில் டக்கென்று குதித்தது. ஸ்கோப்பில் வானம் தெரிந்தது, பிறகு கொடிக்கம்பம் தெரிந்தது, இலக்கு தெரியவில்லை. ஆறு, ஏழு, எட்டு, ஏழு, எட்டு. பக்கத்தில் ஒன்பதும் பத்துமாக விழுந்துகொண்டிருந்தது. முதல் ஐந்து முடிந்தபோது நான் பதினொரு புள்ளி பின்னால் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலும் பதினொன்று பின்தங்கியதில்லை.

இடைவேளை. போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியில் குண்டு இல்லை என்று காட்டினோம். விசில்காரர் தாள்களை மாற்றப் போனார். என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

"தோத்தா என்ன, நமக்கு ஒரு சுவர் மிச்சம்," என்றார்.

"வாயை மூடுங்க."

புட்டியை வாங்கத் திரும்பினேன். புதுப் பலகையில் மரத்தூள் இருந்திருக்க வேண்டும், செருப்பு வழுக்கியது. நான் விழுகிற பழக்கமுள்ளவள் அல்ல. பக்கத்தில் எது இருந்ததோ அதைப் பிடித்தேன். இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்து, அதன்மேல் அப்படியே மொத்தமாகச் சரிந்தேன்.

"முக்காலியில கை வைக்காதே! கையை எடு!"

மைதானமே அதிர்ந்தது. கத்தியது என் தம்பி. என்னைப் பார்த்து. என் நாற்பது வருட உத்தியோகத்தில் என்னைப் பார்த்து யாரும் குரலை உயர்த்தியதில்லை. இவன் என் முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கே யோசிப்பான். கத்திய வேகத்தில் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நான்... வாய் தானா வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க அக்கா. எடுக்க வேணாம், பிடிச்சுக்கோங்க. இல்ல, எடுத்துடுங்க. எது சௌகரியமோ..."

அந்தக் குரல் என் குரல். ஏற்ற இறக்கம்கூட நான் அந்த மேலதிகாரியிடம் போட்ட சத்தம்தான். முதலில் என்னிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, சோடா புட்டி திறப்பதுபோல. நான் அடக்கினேன். அது மூக்கு வழியாக வந்தது. அப்புறம் என்னால் முடியவில்லை. முக்காலியைக் கட்டிக்கொண்டு, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

"அம்மா சிரிக்கிறாங்க!" என்று என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொல்கிற தொனி.

அதைக் கேட்டுச் சம்பந்தியம்மாள் ஆரம்பித்தார். அவர் சிரித்தால் சாதாரணமாகச் சிரிக்க மாட்டார். தடுப்புக் கம்பியைத் தட்டுவார். கம்பி அதிர, அடுத்த இடத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவருக்கு அப்பால் இருந்த பல் டாக்டர், எல்லாரும் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள். விசில்காரர் ஓடிவந்து அமைதி கேட்டு ஊதப் போனார். விசிலுக்குள் சிரித்துவிட்டதால் அது குருவி மாதிரி கீச்சிட்டது. அதோடு போயிற்று.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், அப்படியே சாய்ந்த நிலையில் ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். சும்மாதான் வைத்தேன்.

குறுக்குக்கோடு அசையவில்லை.

புள்ளியின் நடுவில் சுவரில் அறைந்ததுபோல நின்றது. ஈ இல்லை, மொய்ப்பு இல்லை. நான் மெதுவாக உடம்பைத் தூக்கி, வழக்கம்போல நிமிர்ந்தேன், ஈ வந்துவிட்டது. மறுபடி சாய்ந்தேன், போய்விட்டது. நிமிர்ந்தேன், சாய்ந்தேன், நிமிர்ந்தேன், சாய்ந்தேன்.

"என்ன, தண்டால் எடுக்கிறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குள் இருந்த சர்வேயர் மூளை விழித்துக்கொண்டது. தியோடலைட் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கு முக்காலி நிலத்தின்மேல் நின்றால் போதும், தொடாமலிருந்தால் இன்னும் நல்லது. துப்பாக்கி பார்க்கும், பார்த்துவிட்டு உதைக்கும். உதைக்கிற கழுதையை நான் இரண்டு விரலால் மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அந்த முக்காலி மூன்று குச்சி, கனமே கிடையாது. அதற்குப் பாரம் வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே பாரம் நான்தான். என்னைத்தான் அதன்மேல் ஏற்ற வேண்டும்.

"தம்பி, இங்க வா. ஒரு காலை இலக்கைப் பார்த்துத் திருப்பு. மத்த ரெண்டும் என் பக்கம் இருக்கட்டும். நான் முன்னால தள்ளினா முன்கால் தாங்கும்."

"அக்கா, குமிழி?"

"குமிழி கிடக்கட்டும்."

அவன் அனுமதி கேட்க அப்பாவின் படத்தைத் தேடுவதுபோல ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு செய்தான்.

"கால்ல கீழ இருக்கிற மெல்லிசுத் துண்டெல்லாம் உள்ள தள்ளு. தடிமனான துண்டு மட்டும் வெளிய இருக்கட்டும். நடுத்தண்டைக் கீழ இறக்கு. இன்னும். நான் குனிஞ்சுக்கறேன்."

"நீங்க குனியறீங்களா?"

"சொன்னதைச் செய்."

முக்காலியின் நடுவே கொக்கி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரரின் பையைப் பிடுங்கி அதில் மாட்டினேன். உள்ளே தண்ணீர், பிஸ்கட், அவருடைய குறுக்கெழுத்துப் புத்தகம்.

"அதுல என் கண்ணாடி இருக்கு!"

"நல்லது. அதுவும் கனம்தான்."

கால்களைப் பின்னால் வைத்து அகட்டினேன். தோளைக் கட்டைக்குப் பின்னால் நேராகக் கொடுத்தேன். நெஞ்சு, வயிறு, அறுபத்தெட்டு வருடமாக யார்மேலும் வைக்காத பாரம் எல்லாவற்றையும் முன்னால் விட்டேன். கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்தேன். குறுக்குக்கோடு சற்று இடப்பக்கம் தள்ளியிருந்தது. கையால் இழுக்கவில்லை, கையால் இழுத்துச் சரிசெய்தால் விரல் அழுத்தும் நேரத்தில் அது திரும்பிப் போய்விடும். காலைக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி மூடித் திறந்தேன். நடுவில்.

பக்கத்திலிருந்து ஒரு குரல். "சம்பந்தியம்மா, நீங்க... சாயறீங்களா?"

"சாயலை. பாரம் ஏத்தறேன்."

அவ்வளவுதான், அவருக்கு மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது.

விசில். முதல் குண்டு. துப்பாக்கி உதைத்தது, ஆனால் துள்ளவில்லை. நேராகப் பின்னால் வந்து என் தோளில் மோதி, அதே இடத்துக்குத் திரும்பியது. வானமும் இல்லை, கொடிக்கம்பமும் இல்லை. இலக்கு அங்கேயே இருந்தது. அதில் ஓட்டை விழுந்திருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இத்தனை வருடம் சுட்டதில் ஓட்டையை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். பத்து. இரண்டாவது, முதல் ஓட்டையின் ஓரத்தைக் கடித்தது. மூன்றாவது எங்கே போயிற்று என்று தேடினேன்; முதல் இரண்டுக்கும் நடுவில் போயிருந்தது. உள்ளே சிரிப்பு கொப்பளித்தது. சத்தியமாக, குதிக்க வேண்டும்போல இருந்தது. நான் குதிக்கவில்லை.

நான்காவதுக்கு விரலை அழுத்தும் நேரத்தில் முக்காலி மெல்ல நடுங்கியது. காதுக்கவசம் போட்டிருந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் சம்பந்தியம்மாளின் சிரிப்பு பலகை வழியாக வந்து, முன்காலில் ஏறி, என் தாடைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது. அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். சாக்குச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை. நடுங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்தாவது பத்து.

சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே சுட்டதில் ஏழும் எட்டுமாகச் சிதறவிட்டிருந்தார். விசில்காரர் இரண்டு தாளையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, உதட்டை அசைத்து, மறுபடி கூட்டினார்.

"எண்பத்தாறு," என்று சம்பந்தியம்மாளைக் காட்டினார். என்னைக் காட்டினார். "எண்பத்தஞ்சு."

ஒரு புள்ளி. கேடயம் போயிற்று.

எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அடைக்கவில்லை. நான் என் இரண்டாவது தாளைக் கேட்டு வாங்கினேன். ஐந்து ஓட்டையையும் ஒரு காசால் மூடிவிடலாம். தம்பி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, இது அப்பா வரைபடத்துல வச்ச புள்ளி மாதிரி இருக்கு," என்றான். எனக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அன்று என்னை எல்லாரும் உடம்பு சரியில்லாதவளைப்போலப் பார்த்தார்கள்.

தோற்ற கேடயத்தை ஆள்வழி கொடுத்தனுப்புகிறவர்கள் நாங்கள் அல்ல. மறுநாள் மாலை அதைத் துடைத்து, துணியில் சுற்றி, தம்பியைக் கூட்டிக்கொண்டு நானே சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போனேன். மருமகன் வாசலுக்கே வந்து வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. உள்ளே நுழைந்து சுவரைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே நின்றேன்.

தம்பியும் பார்த்துவிட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உக்காருங்க, காபி போடறேன்," என்றார் சம்பந்தியம்மாள், நிலைப்படியில் சாய்ந்தபடி.

"சம்பந்தியம்மா, கேடயம் உங்களோடது. அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா இந்த ஆணி சோபாவுக்கு நடுவுல இல்ல. ரெண்டு விரல்கட்டை இடப்பக்கம் தள்ளி இருக்கு. தலையும் கீழே தொங்குது. கோணலா இருக்கறதுக்குக் கீழ உக்காந்து எங்க வீட்டுல யாரும் காபி குடிச்சதில்ல. தம்பி, டேப்பை எடு."

அவன் ஏற்கெனவே எடுத்திருந்தான். ரசமட்டமும் கொண்டுவந்திருந்தான், நான் சொல்லவே இல்லை. அளந்து பென்சிலால் புள்ளி வைத்தான். பழைய ஆணியைப் பிடுங்கினோம். என் மகள் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நாற்காலிமேல் ஏறினேன். அது லேசாக ஆடியது.

"என் தோள்ல கையை வச்சுக்கோங்க," என்று சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். அன்றுதான் அவர் நேராக நிற்பதை முதல்முறை பார்த்தேன்.

வைத்தேன். நன்றாகவே பாரத்தைக் கொடுத்தேன். பின்னால் தம்பி பழக்கதோஷத்தில் "கையை எ..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டான். என் கைக்குக் கீழிருந்த தோள் குலுங்க ஆரம்பித்தது. எது யாருடைய குலுக்கல் என்று தெரியவில்லை.

"சிரிக்காதீங்க சம்பந்தியம்மா, ஆணி கோணும்!"

"நீங்க முதல்ல நிறுத்துங்க!"

ஒருவழியாக நிறுத்தினோம். மூன்று அடி. ஆணி நேராக, குமிழி நடுவில் நிற்க, சுவருக்குள் இறங்கியது. கேடயத்தை மாட்டினேன். சம்பந்தியம்மாள் எட்டி ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"அசையவே மாட்டேங்குதே!"

"எங்க குடும்பம் அடிச்சது. அசையாது."

"அப்ப அடுத்த வருஷம் நீங்க கேடயத்தை எடுத்துக்கிட்டுப் போனா, இதை என்ன பண்றது?"

நான் நாற்காலியிலிருந்து யார் தோளையும் பிடிக்காமல் இறங்கினேன்.

"பை மாட்டிக்கோங்க," என்றேன்.